பறவை பார்க்கும் பக்கம்

புன்னைக்காயல் ரோசம்மாளுக்கு எகிப்து தேசத்திலிருந்து வந்த படக் கடிதத்தை முதலில் வாசித்தவன் நான். தவறாக வாசித்தவனும் நான்தான்.

1911-ஆம் வருஷம், செப்டம்பர் 27, புதன்கிழமை. ஆத்தூர்த் தபாலாபீசுக்கு எதிரே, வெற்றிலைக் கட்டுகளை ஈரச் சாக்குப் போர்த்தி அடுக்கி வைக்கும் கொட்டகையின் ஓரத்தில் எனக்கு ஒரு மேசை இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வரும் கடிதங்களை வாசித்துச் சொல்வது, பதில் எழுதிக் கொடுப்பது, இரண்டும் என் வேலை. நாசரேத் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழு வகுப்புப் படித்தவன். என் கையெழுத்துக்கு நல்ல பெயர் உண்டு. ஒவ்வொரு கடிதத்துக்கும் தேதி, யாருக்கு, எந்த ஊர், சாரம் என்ன என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். இங்கே சொல்லும் தேதிகள் எல்லாம் அந்த நோட்டில் இருப்பவை.

ரோசம்மாள் வாரம் ஒரு முறை கருவாட்டுக் கூடையோடு ஆற்றோரமாக நடந்து ஆத்தூருக்கு வருவாள். வியாபாரத்தை முடித்துவிட்டுத் தபாலாபீசில் கேட்பாள். மே மாதத்துக்குப் பிறகு அவளுக்குக் கடிதமே இல்லை.

அவள் புருஷன் கயித்தான் பர்னாந்து தோணிக்காரன். தூத்துக்குடியில் ஒரு ஏஜெண்டு நைல் நதியில் அணை வேலைக்குக் கல் ஏற்றும் தோணிகளுக்கு ஆள் பிடித்தபோது, இரண்டு வருஷத்துக்குக் கைநாட்டு வைத்துவிட்டுப் போனான். அது 1910 மார்ச்சில். கூடப் போனவன் அதே தெருச் சிலுவைமுத்து. கயித்தான் போனதன் காரணம் புன்னைக்காயலில் எல்லாருக்கும் தெரியும். அந்த வருஷம் ஜனவரியில் அவர்களுடைய ஒரே பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. இன்றைக்குத் தோணி ஏற வேண்டாம் என்று ரோசம்மாள் சொல்லியும், ஏற்றிய உப்பை இறக்கிவிட்டு வந்துவிடுகிறேன் என்று கயித்தான் போனான். காற்று மாறி மூன்றாம் நாள்தான் திரும்பினான். பிள்ளையை அதற்கு முந்தின நாளே அடக்கம் செய்துவிட்டார்கள். கோயில் வாசலில் ஊர்ப் பெண்கள் பார்க்க, "உம்ம முகத்துல இனி முழிக்க மாட்டேன்" என்று ரோசம்மாள் சொன்னாள். நாற்பது நாள் கழித்து அவன் கப்பலேறினான்.

அங்கே ஒரு யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா இருந்தார். அவர் கையால் கயித்தான் ஐந்து கடிதம் போட்டிருந்தான். ஐந்துக்கும் நான்தான் பதில் எழுதினேன். "இங்கு சுகம். அங்கு சுகத்துக்கு எழுதவும்." அதற்கு மேல் ரோசம்மாள் ஒன்றும் சொன்னதில்லை. "வேற என்ன எழுத?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். மேசையைச் சுற்றி நிற்கும் ஆட்களைப் பார்ப்பாள். "அவ்வளவுதான்" என்பாள்.

அன்றைக்குத் தபால்காரர் ஐயம்பெருமாள் தூரத்தில் வரும்போதே கையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"வே எலியேசரே, உம்ம படிப்புக்கு ஒரு வேலை வந்திருக்கு."

பின்னாலேயே ரோசம்மாள் உறையைப் பிரித்துக்கொண்டு வந்தாள். விலாசம் குமாஸ்தாவின் கையெழுத்து. உள்ளே ஒரே ஒரு தாள். அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை. கறுப்பு மையில் ஒரே வரிசையாகப் படங்கள். மறுபக்கம் வெறுமையாக இருந்தது.

ஐயம்பெருமாள் எட்டிப் பார்த்தார். "என்னவே இது, செவத்துல கரிக்கட்டையால கிறுக்கின மாதிரி. மணியாச்சியில கலெக்டரச் சுட்ட சமாச்சாரத்துக்குப் பெறகு போலீசுக்காரன் நம்ம ஆபீசுலயே பாய் விரிச்சுக் கெடக்கான். இதப் பாத்திருந்தாம்னா, காது யாரு காது, தோணி யாரு தோணின்னு கேட்டு உம்மையும் என்னையும் பாளையங்கோட்டைக்குக் கொண்டு போயிருப்பான்."

"அவுக வரைஞ்சதுதான்" என்றாள் ரோசம்மாள். "தோணியில நிக்க ஆளு நெஞ்சுல குருசு போட்டிருக்கு பாருங்க. எதுல அடையாளம் வச்சாலும் அப்பிடித்தான் வைப்பாக."

எனக்கு மே மாதக் கடிதம் நினைவுக்கு வந்தது. நோட்டைப் புரட்டினேன். "சுகம். அந்தத் தேசத்தில் பூர்வ காலத்தில் படத்தால் எழுதினார்களாம். தானும் பழகப் போகிறானாம். இனி நடுவில் ஆள் வேண்டாமாம்" என்று சாரம் எழுதியிருந்தேன்.

"நடுவுல ஆளு வேண்டாமாம், நம்ம கையிலதான் வந்து நிக்கி" என்று ஐயம்பெருமாள் சிரித்தார். ரோசம்மாளும் கொஞ்சம் சிரித்தாள்.

முறையாகப் பார்த்தால் எதுவும் விளங்கும் என்பது என் எண்ணம். சிவப்பு மையைத் தொட்டு, இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் கீழே எண் போட்டேன். ஒன்று, காதில் பாம்படம் தொங்கும் பெண். இரண்டு, கோடு கோடாகக் கிறுக்கிய ஒரு தாள். மூன்று, ஆள் அளவுக்குப் பெரிய ஒரு காது. நான்கு, மூன்று பிறை. ஐந்து, கட்டிலில் படுத்திருக்கும் மனிதன். ஆறு, முளையில் கட்டிய தோணி, அதன் மேல் ஒரு பறவை. ஏழு, சதுரம் சதுரமாக அடுக்கு. எட்டு, கையில் கம்போடு தோணியில் நிற்கும் மனிதன், நெஞ்சில் சிலுவை. மனிதர்கள், பறவை, தோணியின் மூக்கு எல்லாம் வலப்பக்கம் பார்த்து இருந்தன.

அந்த வலப்பக்கம் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. மேசை டிராயரில் பள்ளிக்கூடத்து அட்லஸ் ஒன்று வைத்திருந்தேன். பிரித்துப் பார்த்தேன். எகிப்து இடப்பக்கம், நம் தேசம் வலப்பக்கம். தோணி வலப்பக்கம் பார்க்கிறது என்றால் ஊரைப் பார்க்கிறது. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை என்று பட்டது.

"கேட்டுக்கோ தாயி. நீ, கடுதாசி, காது. உன் கடுதாசிய வாசிக்கச் சொல்லிக் கேட்டேங்கான். மூணு பெற, கட்டில். மூணு மாசம் சீக்காப் படுத்துட்டேங்கான். அதனாலதான் எழுதல. பெறகு தோணி கரையில தயாரா நிக்கி. இது பெட்டி, படுக்கை எல்லாம் கெட்டி அடுக்கினது. கடைசியில ஆளு ஏறிட்டான். தோணி நம்ம பக்கம் பாத்து நிக்கி. கயித்தான் பொறப்பட்டு வாரான்."

ரோசம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தாளை வாங்கி எட்டாவது படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெறகென்ன, வீட்டுக்கு ஓலை மாத்து" என்றார் ஐயம்பெருமாள். "எகிப்துல தின்னு கொழுத்து வாரவன் ஒழுகுற கூரையில படுப்பானா?"

அவர் போன பிறகும் அவள் போகவில்லை. மேசையைச் சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போகும்வரை கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பைய வந்து சொன்னாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு எழுதணும்."

"சொல்லு."

"பிள்ள போனது உம்ம குத்தமில்ல. வாரும். இதத்தான் எழுதணும். ரெண்டு மாசமா நெனச்சுக்கிட்டே வாரேன். இங்கன வந்தா ஆளுக நிக்காக."

நான் தாளை எடுத்து ஊர், தேதி எழுதிவிட்டேன். அப்புறம்தான் யோசனை வந்தது. பேனாவைக் கீழே வைத்தேன்.

"இது போய்ச் சேரையில அவன் கடல்ல இருப்பான், தாயி. ஆளில்லாத ஆபீசுல கெடந்து எவன் கையிலயாவது சிக்கும். குடும்ப விசயம். வந்ததும் நேருல சொல்லிரு."

"நேருல சொல்ல வாய் வருமோ என்னமோ."

"வரும்."

அவள் தலையை ஆட்டிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். தேதி எழுதிய அந்தத் தாளை வீணாக்காமல் வேறு ஒருவருக்குப் பயன்படுத்தினேன்.

அக்டோபர் முழுவதும் ரோசம்மாள் தபாலைப் பற்றிக் கேட்கவில்லை. கப்பலைப் பற்றிக் கேட்டாள். கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு எந்தக் கிழமை கப்பல் வரும், சூயசிலிருந்து கொழும்புக்கு எத்தனை நாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கூரைக்குப் புது ஓலை போட்டாள். சகல ஆத்துமாக்கள் திருநாளுக்குப் பிள்ளையின் குழி மேட்டில் மெழுகுதிரி ஏற்றப் போனபோது, அடுத்த வருஷம் இரண்டு பேராக வருவோம் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாளாம். நவம்பரில் இரண்டு தடவை தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் இறங்குதுறையில் நின்றுவிட்டு வந்தாள். டிசம்பரில் டில்லி தர்பாருக்காகப் பள்ளிக்கூடங்களில் மிட்டாய் கொடுத்தார்கள். கிறிஸ்து பிறந்த நத்தார்த் திருநாள் வந்தது, போனது.

"கப்பல் எங்கயாவது நின்னிருக்கும்" என்று நான் சொன்னேன்.

"அது எறும்பு இழுத்துக்கிட்டு வார கப்பல் போலிருக்கு" என்றார் ஐயம்பெருமாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவரும் கேலி பேசுவதை விட்டுவிட்டார்.

1912 ஜனவரி 18, வியாழக்கிழமை. ரோசம்மாள் கருவாடு கொண்டு காயல்பட்டினம் போனாள். அங்கே பெண்கள் நடக்க வீடுகளுக்குப் பின்னால் தனி முடுக்கு உண்டு. அந்த வழியாகப் போய் வாடிக்கை வீடுகளில் விற்பாள். அதில் ஒரு வீடு ஆபிதா பீவியுடையது. அந்த அம்மாளின் கணவர் கொழும்பில் வியாபாரம். கணவருக்கு மாதம் இரண்டு கடிதம் அரபு எழுத்தில் தமிழை வைத்து அந்த அம்மாளே எழுதுவார். அன்றைக்கு நடந்ததை ரோசம்மாள் அன்று மாலையே என்னிடம் வந்து சொன்னாள். அவள் சொன்னபடி எழுதுகிறேன்.

ஆபிதா பீவி, "மாப்புள வந்தாச்சா புள்ள?" என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றதும், "என்ன எழுதியிருந்தாரு? கொண்டா பாப்பம்" என்று கேட்டு வாங்கினார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்துக்குத் தாளைத் திருப்பி, விரலை வலது ஓரத்தில் வைத்தார்.

"கை நல்ல கைதான். பாரு, ஒருத்தரு தோணி தள்ளுதாரு. கல்லு ஏத்துதாரு. பெறகு தோணியக் கெட்டிப் போட்டாச்சு. ஆளில்ல, பறவ வந்து ஒக்காந்திருக்கு. ஆளு கட்டில்ல கெடக்காரு. மூணு பெற ஆகிப்போச்சு. காதத் தொறந்து வச்சுக்கிட்டுக் கெடக்காரு, உன் காயிதத்துக்கு." கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். "இதுக்கு நீ என்ன காயிதம் போட்ட?"

"லாத்தா, அந்தப் பக்கம் இல்ல. இந்தப் பக்கம் இருந்து பாருங்க. நம்பர் போட்டிருக்கு."

"நம்பரு மாப்புள போட்டதா? மை வேறயால்ல இருக்கு."

"எழுத்துக்கார அண்ணாச்சி போட்டாக."

ஆபிதா பீவி தாளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். "அவரு படிச்ச எழுத்து அப்படிப் போகும். நான் படிச்ச எழுத்து இப்படி வரும். உன் மாப்புள எதப் பாத்து வரைஞ்சாருன்னு எனக்கு என்ன தெரியும்? ஆனா புள்ள, அவரு சொன்ன மாதிரின்னா மாப்புள இந்நேரம் வீட்டுல இருக்கணுமே."

ரோசம்மாள் அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை. விற்காத கருவாட்டுக் கூடையோடு நேரே ஆத்தூருக்கு நடந்து வந்துவிட்டாள். கயித்தானின் கடிதம் எது, என்றைக்கு வந்தது என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் மெழுகுத்துணியில் சுற்றிக் கூடையின் அடியிலேயே வைத்திருப்பாள். சுருளை என் மேசையில் வைத்தாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. அந்த லாத்தா சொல்லுறது தப்புன்னு சொல்லுங்க."

மே மாதக் கடிதத்தைப் பிரித்தேன். இரண்டு பக்கம். அது வந்த நாளில் என் மேசையைச் சுற்றிப் பதினொரு பேர் நின்றார்கள். முதல் பக்கத்தை வாசித்துவிட்டு, இரண்டாம் பக்கத்தைக் கண்ணால் ஓட்டி, சாரத்தை மட்டும் சொல்லி முடித்திருந்தேன். அது என் வழக்கம். பெரிய கடிதங்களுக்கு எல்லாம் அப்படித்தான். யாரும் குறை சொன்னதில்லை. இப்போது அந்த இரண்டாம் பக்கத்தை முதல் முறையாக வாய்விட்டு வாசித்தேன்.

"இவ்விடம் ஆற்றின் நடுவே இடிந்த பழங்கோயில் ஒன்று உண்டு. அதன் சுவர் முழுதும் கண், கை, கால், பறவை, பாம்பு, தண்ணீர் என்று வெட்டியிருக்கிறார்கள். பார்க்கப் படமாக இருந்தாலும் அது எழுத்து என்று அங்கே காவலிருப்பவர் சொல்லுகிறார். சில படம் தன்னையே குறிக்கும். சில படம் ஒரு ஓசைக்கு மட்டும் நிற்கும். அரசர் பெயரைச் சாகாமல் வைக்கவும், செத்தவர்களுக்கு மறு உலகத்தில் வழி சொல்லவும் இதை எழுதினார்களாம். கல்லறைக்குள் யாரும் பார்க்காத இடத்திலும் எழுதியிருக்கிறது. செத்தவர் வாசிப்பார் என்று நம்பிக்கை. ஓசைப் படம் எனக்கு வராது. தன்னைக் குறிக்கும் படம் எனக்கும் வரும். ரோசம்மாளுக்கும் விளங்கும். ஒன்றை மட்டும் அவள் நினைவில் வைக்க வேண்டும். பறவையும் மனிதரும் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறார்களோ, அந்தப் பக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டு வர வேண்டும். அவர்கள் முகத்துக்கு எதிரே போக வேண்டும், முதுகுக்குப் பின்னால் போகக் கூடாது."

வாசித்து முடித்ததும் படக் கடிதத்தைப் பார்த்தேன். எல்லா முகமும் வலப்பக்கம் பார்த்தன. அட்லஸ் தேவைப்பட்டிருக்காது.

"லாத்தா சொன்னதுதான் சரி" என்றேன்.

ரோசம்மாள் படத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அப்பம் அவுக வரல."

"வரல."

"சீக்காக் கெடக்காக. என் கடுதாசிக்குக் கெடக்காக."

அன்றைக்கும் மேசையைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். வெற்றிலைக்காரர்கள், ஒரு கிராம முன்சீப், இன்னும் சிலர். ரோசம்மாள் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. என் எதிரே தரையில் உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"எழுதுங்க. பிள்ள போனது உம்ம குத்தமில்ல. காத்து மாறினதுக்கு நீரு என்ன செய்வீரு. கோயில் வாசல்ல நான் சொன்னத மனசுல வைக்காதயும். கூரைக்கு ஓலை மாத்தியிருக்கேன். நடக்க முடிஞ்சா வாரும். முடியலேன்னா ஒரு தோணிப் படம் போடும், நான் யாரு கையில கால்ல விழுந்தாவது அங்க வாரேன்."

ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன். சாரம் எழுதவில்லை. மறுநாள் காலைத் தபாலில், ஜனவரி 19, வெள்ளிக்கிழமை, ஐயம்பெருமாள் தன் கையாலேயே பையில் போட்டார். அதற்குப் பிறகு தூத்துக்குடிக்குப் போய், அணை ஆபீஸ் விலாசத்துக்குக் கயித்தான் எப்படி இருக்கிறான் என்று கேட்டு இங்கிலீஷில் ஒரு தந்தியும் கொடுத்தேன். பதில் இல்லை. பிப்ரவரி முழுவதும் அவள் தினமும் வந்தாள். ஐயம்பெருமாள் பையை அவள் முன்னாலேயே கவிழ்த்துக் காட்டுவார்.

மார்ச் 6-ஆம் தேதி சிலுவைமுத்து ஊர் வந்து சேர்ந்தான். தனியாக வந்தான். கயித்தான் டிசம்பர் 6 அன்றே அங்குள்ள ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாகச் சொன்னான். ஈரல் வீங்கி, வயிற்றில் நீர் கட்டி, ஆறு மாதத்துக்கு மேல் படுத்திருந்தான். ஆபீசிலிருந்து வீட்டுக்கு எழுதிவிடுவோம் என்று சொன்னார்களாம். எங்களுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. நாங்கள் ஜனவரியில் போட்ட கடிதம் பிப்ரவரி நடுவில் போய்ச் சேர்ந்து, சிலுவைமுத்து கையில் கொடுக்கப்பட்டு, பிரிக்காமல் அவனோடு திரும்பி வந்திருந்தது.

புன்னைக்காயல் கோயிலில் பூசை வைத்தார்கள். நானும் போய்ப் பின்னால் நின்றேன். ரோசம்மாள் என்னைப் பார்த்தாள்.

அடுத்த வியாழக்கிழமை, மார்ச் 14, அவள் சிலுவைமுத்தைக் கூட்டிக்கொண்டு ஆத்தூருக்கு வந்தாள். கூடை இல்லை. கழுத்தில் தாலி இல்லை. காதிலும் ஒன்றும் இல்லாமல் வடிந்த காது வெறுமையாகத் தொங்கியது. மேசைக்கு முன்னால் நின்று, "என்கிட்டச் சொன்னத அண்ணாச்சிகிட்டயும் சொல்லும்" என்றாள் அவனிடம்.

சிலுவைமுத்து தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டான். முகம் கறுத்து ஒட்டியிருந்தது.

"என்னத்தச் சொல்ல, அண்ணாச்சி. குமாஸ்தா ஐயா நான் எழுதித் தாரேன்னு சொன்னாரு. இவரு கேக்கல. 'அவ கோவம் எனக்கும் அவளுக்கும் உள்ளது, அதுல நீரு எதுக்கு'ன்னுட்டாரு. ரெண்டு நாளு ஒக்காந்து வரைஞ்சாரு. மேல விலாசம் மட்டும் ஐயா எழுதினாரு. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை எங்களுக்குத் தபாலு வரும். அன்னைக்குக் காலையிலேயே மொகங் கழுவி, சட்டை போட்டு ஒக்காந்திருவாரு. எந்திரிக்க முடியாமப் போன பெறகும் வெள்ளிக்கிழமைன்னா சட்டைய மட்டும் மாட்டிவிடச் சொல்லுவாரு."

"வரலேன்னா?" என்று நான் கேட்டேன்.

"'எனக்கு வரையத் தெரியல லே, அவளுக்கு வெளங்கியிருக்காது'ம்பாரு. சுண்ணாம்புச் செவத்துல நகத்தால தோணி தோணியாப் போட்டுப் பாப்பாரு. 'லே சிலுவை, இது தோணி மாதிரி இருக்கா, இல்லையா?'ன்னு எங்கிட்ட கேப்பாரு. இருக்குன்னுதான் சொன்னேன். நல்லாத்தான் இருந்துச்சு. குமாஸ்தா ஐயா நவம்பருல வேற எடத்துக்கு மாறிப் போனாரு. போகையில வந்து, இப்பமாவது எழுதுவோமான்னு கேட்டாரு. 'மொதல்ல இதுக்குப் பதிலு வரட்டும்'னுட்டாரு."

"கடைசியில சொன்னதயும் சொல்லும்" என்றாள் ரோசம்மாள்.

சிலுவைமுத்து அவளைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கடைசி ரெண்டு வாரம் படத்தப் பத்திப் பேசல. 'அவளுக்கு வெளங்கியிருக்கும் லே. கோவம் இன்னும் ஆறல'ன்னாரு. அவ்வளவுதான். பெறகு வெள்ளிக்கிழமை சட்டை கேக்கல."

கொட்டகைக்குள் வெற்றிலை அடுக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டிருந்தார்கள். என் தப்புத்தான் தாயி என்றேன். மே மாதம் வாசிக்காமல் விட்டது, எண் போட்டது, கடிதம் வேண்டாம் என்று சொன்னது, மூன்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்; கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணாச்சி, ஒண்ணு மட்டும் கணக்குப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். "அந்தப் படம் வந்த அன்னைக்கு நான் சொன்னத எழுதிப் போட்டிருந்தா, அது எத்தன நாளுல போயிருக்கும்?"

நோட்டை எடுத்தேன். முன்பு போட்ட கடிதங்களுக்குப் பதில் வந்த நாட்களை வைத்து, ஒரு கடிதம் போய்ச் சேர எத்தனை நாள் என்று எனக்குத் தெரியும்.

"இருபத்தஞ்சு நாளு. அக்டோபர் இருபத்திரண்டு போயிருக்கும்."

"அவுக போனது டிசம்பர் ஆறுன்னா, நடுவுல எத்தன நாளு?"

"நாப்பத்தஞ்சு."

"குமாஸ்தா அப்பம் அங்க இருந்தாரா?"

"இருந்தாரு" என்றான் சிலுவைமுத்து.

"வாசிச்சுக் காட்டியிருப்பாரா?"

"காட்டியிருப்பாரு."

அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு நின்றாள். "அந்த நாப்பத்தஞ்சுல எத்தன வெள்ளி?"

நான் காலண்டரைப் பார்த்தேன். "ஆறு."

"ஆறு" என்றாள். சேலைத் தலைப்பைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, ஆற்றுப் பக்கம் இறங்கி நடந்தாள். சிலுவைமுத்து தலைப்பாகையைக் கையில் பிடித்தபடியே பின்னால் போனான்.

நோட்டைப் பார்த்து நான் சொன்ன நாட்கள் சரியான நாட்கள். எகிப்துக்குத் தபால் போக எத்தனை நாள் என்று என்னைத் தவிர அவளுக்குச் சொல்ல அந்தப் பக்கத்தில் வேறு ஆள் கிடையாது. அந்தப் பருவக் காற்றில் எண்பது நாள் ஆகியிருக்கும், அன்றைக்கே போட்டிருந்தாலும் அவன் போன பிறகுதான் சேர்ந்திருக்கும் என்று நான் சொல்லியிருக்கலாம்.